பக்கீத் அண்ணனின் பகல் தூக்கம்

எங்க கட்டடம் நாலு மாடி. மாடிப்படிக்குக் கீழ, வாசலை ஒட்டி ஒரு பொந்து இருக்கு பாருங்க, அதுதான் என் இஸ்திரிக் கடை. என் பேரு ஷாஃபி. ஏறுறவன் இறங்குறவன் எல்லாரும் என் மூக்குக்கு முன்னாடிதான் போகணும். யார் வீட்டுல என்ன சமையல், யார் யாரோட பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல மட்டும் திறக்க மாட்டேன். மத்த நேரமெல்லாம் ஓயாது.

மூணாவது மாடி பக்கீத் அண்ணன் கிர்காக்காரரு. எகிப்துல தெற்கத்தி ஆளு. ரயில்வே வேலைக்குன்னு எங்க தந்தா ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு, பேச்சுல இன்னும் தெற்கு போகலை. ஊருக்கு வெளியில ஒரு ரயில்வே கேட், அதுல ராத்திரி கேட் கீப்பர். சாயங்காலம் ரெண்டு ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் துணியில முடிஞ்சு எடுத்துக்கிட்டுப் போவாரு, காலையில எட்டு மணிக்குத் திரும்புவாரு. பொஞ்சாதி மவுத்தாயி ஆறு வருஷம். ஒரே மகளை அஸ்வான்ல கட்டிக் குடுத்தாச்சு. சமையல், துணி துவைக்கிறது எல்லாம் தன் கையால. இஸ்திரி மட்டும் நான். "கேட்டை ஒரு நிமிஷம் முந்திச் சாத்தலாம், ஒரு நொடி பிந்தக்கூடாது"ன்னு எங்கிட்ட நூறு தடவை சொல்லியிருப்பாரு. எங்க ஊர்ல தெற்கத்தி ஆளுங்கன்னாலே ஒரு இளக்காரம். ஒண்ணு பிடிவாதம், இல்லேன்னா பழிவாங்கல், மூணாவதா ஒண்ணு அவங்களுக்குத் தெரியாதும்பாங்க. நானும் சொல்லிச் சிரிச்சவன்தான்.

ராத்திரி முழிக்கிறவன் பகல்ல தூங்கணுமில்லையா? தூங்க விட்டாத்தானே. நாலாவது மாடி மித்வல்லி மெத்தை தைக்கிறவரு. எங்க சுத்துப்பட்டுல கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் அவரு கை மெத்தைதான், அதுக்கு மட்டும் விளிம்புல ரெட்டைத் தையல். மொட்டைமாடியில பஞ்சைக் கொட்டி, ரெண்டு கையிலயும் கழி எடுத்து, ஒன்பது மணிக்கு அடிக்க ஆரம்பிச்சாருன்னா மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் நிறுத்த மாட்டாரு. கீழ வீட்டுக்குள்ள அவரு வீட்டம்மா, மக ரபாப் பேரை வச்சு உம்மு ரபாப்னு கூப்பிடுவோம், முலுகியாக் கீரைக்குப் பூண்டு இடிக்கிறேன்னு பித்தளை உரலைத் தரையில வச்சு இடிப்பாங்க. தரை யாரோட கூரை? பக்கீத் அண்ணன் கூரை. அப்புறம் கட்டிலை இழுத்துப் பெருக்குறது, கம்பளத்தைப் பால்கனியில போட்டு அடிக்கிறது, வெளிச்சத்துக்குன்னு கட்டடத்து நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் விட்ட குழியில தலையை நீட்டி ஒண்ணாம் மாடிக்காரியோட கத்திப் பேசறது. அந்தக் குழி இருக்கே, நாலாவது மாடியில ஸ்பூன் விழுந்தா எங்கடையில கேக்கும்.

எனக்கும் ஒரு ரேடியோ உண்டு. காலையிலேர்ந்து பாடும். அதை நான் சத்தத்துலயே சேர்க்கலை. அடுத்தவன் போட்டாத்தானே சத்தம், நாம போட்டா பாட்டு.

மனுஷன் என்னென்னவோ செஞ்சு பாத்தாரு. காதுல பஞ்சு வச்சாரு, அதுவும் மித்வல்லி குடுத்த பஞ்சுதான். படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போய்க் குளியலறையில படுத்தாரு, அங்கதான் அந்தக் குழியோட ஜன்னலே இருக்கு. ஒரு தடவை குடித்தனக்காரங்க கூட்டத்துல எழுந்து நின்னு, பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும், நாலே மணி நேரம் கொஞ்சம் பாத்து நடந்துக்கங்கன்னு கெஞ்சினாரு. உம்மு ரபாப் விடுவாங்களா? ஊரே முழிச்சிருக்குற நேரத்துல தூங்கறது எங்க குத்தமா, பகல்ல செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடக்கணுமான்னு ஒரே போடா போட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சொன்னது நியாயமாவும் இருந்துச்சு, அதுதான் கொடுமை. ராத்திரி சத்தம் போட்டா போலீஸைக் கூப்பிடலாம். பட்டப்பகல்ல பூண்டு இடிக்கிறவங்களை யாருகிட்டப் போய்ச் சொல்றது?

இப்படியே வருஷக்கணக்கா, ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னு அரைத் தூக்கம். ஓய்வு வாங்க ரெண்டு வருஷம் பாக்கி. அப்போதான் அது நடந்துச்சு.

ஒரு விடியக்காலம். சுபுஹு பாங்கு சொல்லி முடிச்ச நேரம். பக்கீத் அண்ணன் நாற்காலியில உக்காந்தவரு கண்ணை மூடிட்டாரு. எவ்வளவு நேரம்னு அவருக்கே தெரியலை. ரயில் ஊதுற சத்தத்துல எழுந்து பாத்தா, கேட் தொறந்து கிடக்கு, நூல் மில்லுக்குப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ஒரு மினிபஸ் தண்டவாளத்து மேல ஏறுது. டிரைவர் எப்படியோ மிதிச்சுத் தாண்டிட்டான். பின்னாடி ஒரு கை இடைவெளியில ரயில் போச்சு. அல்லாஹ் காப்பாத்துனான். இன்ஸ்பெக்டர் வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலையும் போகும், ஜெயிலும் உண்டுன்னு எழுதி வாங்கிக்கிட்டுப் போனாரு. ஆனா இவரை உலுக்கினது அது இல்லை. பின் ஜன்னல்ல ஒரு பொண்ணு, கையில கடிச்ச ரொட்டி, இவரையே பாத்துக்கிட்டுப் போச்சாம். "அவளுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியலை ஷாஃபி, சும்மா பாத்தா"ன்னாரு எங்கிட்ட.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து படுக்குறாரு. மேல என்ன தெரியுமா? மித்வல்லி மக ரபாபுக்கு எட்டு நாள்ல கல்யாணம். அன்னிக்குத்தான் அவளுக்கு மெத்தை தைக்கிற நாள். பெத்தவன் சும்மாவா தைப்பான்? சொந்தக்காரப் பொம்பளைங்க பூரா வந்தாச்சு. மேளம், குலவை, மொட்டைமாடிக்கும் வீட்டுக்கும் தடதடன்னு ஓட்டம். மக பொறந்த வருஷத்துலேர்ந்து நல்ல பஞ்சாப் பாத்துப் பாத்துச் சேர்த்து வச்சவரு மித்வல்லி, நாலு மூட்டை. அதை அன்னிக்குத்தான் பிரிச்சு அடிக்கிறாரு.

பக்கீத் அண்ணன் ஒரு மணி நேரம் பொறுத்தாரு. அப்புறம் எழுந்து மேல போனாரு. சண்டை போடத்தான் போனாரு, அதை அவரே ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கு நான் தூங்கலேன்னா நாளைக்கு யாராவது சாவாங்கன்னு கத்தணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே படி ஏறியிருக்காரு. கதவைத் திறந்தது உம்மு ரபாப். இவரு கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்திருக்கு, நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"என்ன பக்கீத் அண்ணே, ஊர்ல யாராவது தவறிட்டாங்களா?"ன்னாங்க அந்தம்மா.

"அண்ணன்"ன்னுட்டாரு இவரு.

எப்படி வந்துச்சோ அந்த வார்த்தை. அவரு அண்ணன் கிர்காவுல குத்துக்கல்லாட்டம் இருக்காரு, எருமை வச்சுப் பால் கறக்குறாரு. ஆனா சொன்ன அந்த நொடியிலேயே மேளம் நின்னுச்சு. உம்மு ரபாப் உள்ள திரும்பிக் கையைக் காட்டினாங்க, குலவை நின்னுச்சு. மொட்டைமாடியில கழி நின்னுச்சு. பொம்பளைங்க முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு ஒவ்வொருத்தியா வந்து, அல்லாஹ் உங்களுக்கு ஆயுசைக் குடுக்கட்டும்னு சொல்லிட்டு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் படி இறங்கினாங்க. ஆமாங்க, கையில தூக்கிக்கிட்டுத்தான். என் கண்ணால பாத்தேன். எங்க ஜனம் அப்படி. உயிரோட இருக்குறவனுக்காக ஒரு உலக்கையைக் கீழ வைக்க மாட்டோம், மவுத்துன்னு கேட்டா மூச்சைக்கூட மெதுவா விடுவோம். நானும் ரேடியோவை அமத்தினேன்.

அன்னிக்கு ஏழு மணி நேரம் தூங்கினாரு மனுஷன்.

சாயங்காலம் ஆம்பளைங்க சந்துல நாற்காலி போட்டு, குர்ஆன் ஓதுறவருக்கு ஆள் அனுப்பி, காப்பிக்குச் சட்டி வச்சாச்சு. துக்கம் கேக்கணுமே. இவரு எழுந்து வந்து பாத்துட்டு, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சாரு. வேண்டாம், எனக்கு யாரும் துக்கம் கேக்க வேண்டாம், நாற்காலியை எடுங்கன்னாரு. பொய்க்கு மேல ஓதவும் விடணுமான்னு பயம் அவருக்கு. ஆனா எங்க ஆளுங்களுக்கு அது வேற மாதிரிப் போச்சு. தெற்கத்திக்காரன் எப்போ துக்கம் ஏத்துக்க மாட்டான்? செத்தவன் கொலையுண்டு, பழி தீர்க்காம இருக்குறப்போதான். அவ்வளவுதான், அரை மணி நேரத்துல சந்து பூரா தெரிஞ்சு போச்சு, பக்கீத் அண்ணனோட அண்ணனைக் குத்திக் கொன்னுட்டாங்க, இவரு நெஞ்சுல நெருப்பை வச்சுக்கிட்டு நடமாடுறாருன்னு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கட்டடம் ரெண்டு மடங்கு அமைதியாப் போச்சு. பாதி மரியாதை, பாதி பயம்.

வேலைக்குக் கிளம்புறப்போ சட்டை வாங்க எங்கடைக்கு வந்தாரு. நான் இடிச்ச புளியாட்டம் மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆறுதல் சொல்லப் போனேன். என்ன அண்ணே, மண்ணு போடக்கூட ஊருக்குப் போகலையேன்னேன். அவருக்கு அடக்க முடியலை. கதவைச் சாத்தச் சொல்லி, எல்லாத்தையும் கொட்டிட்டாரு. நான் சிரிச்சேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். என் பிள்ளை மேல ஆணையா யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியமும் பண்ணினேன்.

மறுநாள் காலையில அவரு வேலை முடிஞ்சு வர்றாரு. மித்வல்லி எங்கடை பெஞ்சுல அவருக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. தாடியில இன்னும் முந்தின நாள் பஞ்சு ஒட்டியிருக்கு. எழுந்து இவரு கையைப் பிடிச்சாரு.

"பக்கீத் அண்ணே, உங்க வீட்டுல துக்கம், எங்க வீட்டுல கல்யாணம். வாய் தொறந்து கேக்கவே கூச்சமா இருக்கு. நடத்துங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடத்துறேன், மேளம் இல்லாம. இல்லேன்னா துக்கத்தோட நாப்பது நாள் கழியட்டும். உங்க மனசு நோக என் மக புருஷன் வீட்டுக்குப் போக வேண்டாம்."

பக்கீத் அண்ணன் என்னைப் பாத்தாரு. அவரு மனசுல என்ன ஓடுச்சுன்னு பின்னாடி சொன்னாரு. நடத்துங்கன்னா, இருக்குற ஏழு நாளும் மருதாணி, விருந்து, சாமான் ஏத்துறது. பொண்ணு வீட்டுச் சாமானை வண்டியில ஏத்துறதுக்கே ஒரு நாள் ஆகும். இன்ஸ்பெக்டர் வேற இனிமே தினமும் வந்து எட்டிப் பாப்பாரு. நாப்பது நாள் தூங்கினா உடம்பு தேறிடும். நாப்பது நாள்ல ஒரு கல்யாணம் என்ன கெட்டுப் போகுது? அவ்வளவுதான் நினைச்சாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசலை.

மித்வல்லி அதையே பதிலா எடுத்துக்கிட்டு அவரைக் கட்டிப் பிடிச்சுட்டு மேல போயிட்டாரு.

இப்போ என் கதைக்கு வர்றேன். மாப்பிள்ளை ஷவ்கி குவைத்துல வேலை பாக்குற பையன். அவன் சட்டைக்கும் நான்தான் இஸ்திரி. ஒரு மாச லீவுல வந்திருக்கேன், பத்து நாள் ஏற்கெனவே போச்சு, இன்னும் இருபது நாள்ல விமானம், தவறினா வேலை போயிடும்னு அவன் எங்கிட்ட வாயாரச் சொல்லியிருக்கான். மித்வல்லிக்கு அது தெரியும், ஆனா துக்கத்துல இருக்குறவன்கிட்ட அதைச் சொன்னா நெருக்குற மாதிரி ஆகும்னு மூச்சு விடலை. பக்கீத் அண்ணனுக்கு லீவு விஷயம் தெரியாது. மித்வல்லிக்குப் பொய் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவன் அந்தப் பொந்துல ஒரே ஒருத்தன். கையில சூடான இஸ்திரிப் பெட்டியோட நின்னுக்கிட்டிருந்தேன். அண்ணே, பையன் இருபது நாள்ல போறான்னு ஒரு வரி. அது போதும். சொல்லலை. சத்தியம் பண்ணியிருந்தேன், அது ஒரு சாக்கு. தந்தி அடிச்சா லீவை நீட்டிக் குடுப்பாங்கன்னு நினைச்சேன், அது இன்னொரு சாக்கு. உள்ளதைச் சொல்லணும்னா, எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. நாசமாப் போன வேடிக்கை.

லீவை நீட்டலை. மாப்பிள்ளையோட அம்மா வந்து, மேளம் வேண்டாம், நாலு பேரை வச்சு முடிச்சு அனுப்புங்கன்னு எவ்வளவோ கேட்டுப் பாத்துச்சு. மித்வல்லி ஒத்துக்கலை. பழி தீராத துக்கம் கீழ் வீட்டுல இருக்குறப்போ மேல விளக்குப் போட்டா நான் மனுஷனான்னாரு. பையன் குவைத்துக்குப் போனான். ஒரு வாரம் கழிச்சு அந்தம்மா திரும்ப வந்துச்சு. எவனோ செத்ததுக்கு எம்பிள்ளை கல்யாணத்தை நிறுத்துனவங்க, நாளைக்கு எம்பிள்ளையை எங்க நிறுத்துவாங்கன்னு படியில நின்னு கேட்டுட்டு, போட்ட நகையைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போச்சு. நகைப் பெட்டியை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு எங்கடையைத் தாண்டினப்போ நான் குனிஞ்சு ஒரு காலரைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். அதே காலரை எத்தனை தடவை தேய்ச்சேனோ, மஞ்சளாத் தீஞ்சு போச்சு.

நாப்பதும் கழிஞ்சுது. சத்தம் திரும்ப வரலை. மித்வல்லி மொட்டைமாடிக்குப் போறதில்லை, உடம்பு சரியில்லைன்னு வந்த வேலையெல்லாம் திருப்பி அனுப்பினாரு. உம்மு ரபாப் பூண்டை எதுல இடிக்கிறாங்களோ, இடிக்கிறதே இல்லையோ. பக்கீத் அண்ணன் எத்தனையோ வருஷமா வேண்டிக்கிட்ட அமைதி, முழுசாக் கிடைச்சுது. அந்த அமைதியில அந்தக் குழி வழியா ஒரே ஒரு சத்தம் மட்டும் இறங்குமாம். ரபாப் குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறது. குழாயை நிறுத்துனதும் மூக்கைச் சிந்திட்டு வெளியில போறது. தினமும் பதினோரு மணிக்கு. பஞ்சு வச்சாலும் கேக்குது ஷாஃபின்னாரு.

முன்னாடியாவது ரெண்டு மணி நேரம் தூங்குவாரு. இப்போ அதுவும் போச்சு. ஒரு நாள் அவரே இன்ஸ்பெக்டர்கிட்டப் போய், என்னை நம்பிக் கேட்டை விடாதீங்கன்னு சொல்லி, பச்சைக்கொடி சிவப்புக்கொடி விளக்கு எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு வந்துட்டாரு. ஸ்டேஷன்ல பெருக்குற வேலை குடுத்தாங்க. அதுவும் விடியக்காலத்துல. அதுக்குள்ள மித்வல்லி ஒரு தடவை எங்கிட்ட, கீழ் வீட்டு அண்ணன் எப்படி இருக்காருன்னு கேட்டாரு. தூக்கமே இல்லைன்னேன். பொய் சொல்லலையே நான்.

கடைசியா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிஞ்சு பக்கீத் அண்ணன் நேரா எங்கடைக்கு வந்தாரு. சொல்லிடப் போறேன், நீயும் வா, நடுவுல என் வாய் அடைச்சா நீ சொல்லுன்னாரு. வேண்டாம்னேன். இப்போ சொன்னா கல்யாணமா திரும்ப வரப்போகுது, அந்த மனுஷன் உங்களைக் கொன்னே போடுவாருன்னேன். கொல்லட்டும்னாரு. போனோம். நான் ரெண்டு படி கீழ நின்னேன்.

மித்வல்லிதான் கதவைத் திறந்தாரு. இவரைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு.

"அட, நானே கீழ வரணும்னு இருந்தேன் அண்ணே. உங்களுக்குத் தூக்கமே இல்லைன்னு ஷாஃபி சொன்னான். இருங்க, இருங்க."

உள்ள போனாரு. வர்றப்போ ஒரு முனையை அவரு பிடிச்சிருக்காரு, இன்னொரு முனையை ரபாப் பிடிச்சிருக்கா. புது மெத்தை. வெள்ளையும் நீலமும் கோடு போட்ட துணி, விளிம்பு பூரா ரெட்டைத் தையல். அவரு எந்த மாதிரி மெத்தைக்கு ரெட்டைத் தையல் போடுவாருன்னு எங்க சந்துல சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"பஞ்சு சும்மா மூட்டையில கிடக்குது. கிடந்தா பூச்சி பிடிச்சிடும். அண்ணனை இழந்த மனுஷன் நல்ல மெத்தையிலயாவது படுக்கட்டுமேன்னு தைச்சேன். காசு கீசுன்னு பேசினா எனக்குக் கோவம் வரும்."

பக்கீத் அண்ணன் திரும்பி என்னைப் பாத்தாரு. நான் சொல்லணுமாம். நான் குனிஞ்சு மெத்தைத் தையலைப் பாத்தேன். ரபாப் தன் பக்கத்து முனையை எங்கிட்டக் குடுத்துட்டு, முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு, "நல்லாத் தூங்குங்க மாமா"ன்னா. குத்தலாச் சொல்லலை. மனசாரச் சொன்னா.

நாங்க ரெண்டு பேரும் அதை மூணாவது மாடிக்குத் தூக்கிட்டு வந்தோம். கட்டில்ல விரிச்சோம். அவரு கையால ஒரு தடவை அமுக்கிப் பாத்தாரு, அவ்வளவுதான். இன்னி வரைக்கும் அதுல படுக்கலை. கட்டிலுக்குப் பக்கத்துல வெறும் தரையில படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டிருக்காரு. பதினோரு மணியானா எழுந்து கீழ இறங்கி எங்கடை பெஞ்சுல வந்து உக்காந்துக்குவாரு.

நேத்தும் வந்தாரு. கொஞ்ச நேரம் நான் தேய்க்கிறதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"அந்த ரேடியோவைப் போடேன் ஷாஃபி."

"என்ன வைக்கட்டும் அண்ணே? பாட்டா, செய்தியா?"

"எதையாவது வை. சத்தமா வை."

வச்சேன். போதாதுன்னு கையைக் காட்டினாரு. குமிழை முழுசாத் திருப்பினேன், நாலாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லலை.